தையல் வகுப்புக்கு அப்புறம் என்ன? அகமதாபாத் சேவா: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழைப் பெண்களுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுக்கலாம் என்று யார் கிளம்பினாலும் முதலில் வாங்குவது தையல் மெஷின்தான். அகமதாபாத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அங்கே 'மஜூர் மகாஜன்' என்று ஒரு ஜவுளித் தொழிலாளர் சங்கம். 1918 ஆலை வேலைநிறுத்தத்தில் காந்தி உண்ணாவிரதம் இருந்தாரே, அதன் தொடர்ச்சியாக 1920-இல் அனசூயா சாராபாய் முன்நின்று அமைத்தது. அந்தச் சங்கம் 1954-இல் ஒரு மகளிர் பிரிவைத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குத் தையல், பின்னல், பூவேலை, தட்டச்சு, சுருக்கெழுத்து என்று வகுப்புகள் நடத்தினார்கள். பணத்துக்கும் இடத்துக்கும் குறைவில்லை. 1968-க்குள் குஜராத்தின் பல ஊர்களுக்கு வகுப்புகள் பரவிவிட்டன. அந்த ஆண்டு மகளிர் பிரிவின் தலைமைக்கு வந்தவர் எலா பட். சட்டம் படித்தவர். 1955-இல் சங்கத்தின் சட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்.

இவ்வளவு ஒழுங்காக நடந்த ஒரு பயிற்சித் திட்டம் ஏன் போதவில்லை, அதற்கு அப்புறம் அங்கே பிறந்த 'சேவா' என்ற பெண்கள் சங்கம் என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வு. நம் ஊரில் மகளிர் குழுக்களுக்கு நடக்கும் பயிற்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் பல இடங்கள் தெரிந்த இடங்களாகவே இருக்கும்.

வகுப்பறைக்கு வெளியே

தைக்கும் பெண்களிடமிருந்து புகார்கள் வந்தன. காண்டிராக்டர்கள் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, கொடுக்கும்போது குறைக்கிறார்கள். இது 1970 வாக்கில். மகளிர் பிரிவு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தைக்கத் தெரியாததால் யாரும் ஏழையாக இல்லை என்பது அதில் தெரிந்தது. நன்றாகத் தைத்தார்கள். தைத்ததற்குக் காசு ஒழுங்காக வரவில்லை. முறையிட ஓர் இடமும் கிடையாது. ஆலைக்குள் வேலை செய்யும் ஆணுக்குத் தொழிற்சாலைச் சட்டம் உண்டு, சங்கம் உண்டு, போனஸ் உண்டு. அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கும் மனைவியைத் தொழிலாளி என்றே எந்தச் சட்டமும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்து 1971-இல் துணிச் சந்தையில் கைவண்டி இழுக்கும் சில பெண்கள், பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள், தங்கள் மேஸ்திரியோடு சங்க அலுவலகத்துக்கு வந்தார்கள். தங்குவதற்கு இடம் கிடைக்க உதவ முடியுமா என்று கேட்டார்கள். எலா பட் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே போனார். அங்கே துணி மூட்டை சுமக்கும் பெண்களையும் சந்தித்தார். நடைக்கு இவ்வளவு என்று கூலி. தூரம் எவ்வளவு, சுமை எவ்வளவு என்பது கணக்கில் இல்லை. எத்தனை நடை போனார்கள் என்பதையும் பல நேரம் யாரும் எழுதி வைப்பதில்லை. சாயங்காலம் வியாபாரி சொல்வதுதான் கணக்கு.

இதை அவர் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகளுக்குக் கோபம். நாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம் என்று அவர்களும் பதிலுக்குப் பத்திரிகையில் எழுதினார்கள். மகளிர் பிரிவு அடுத்துச் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. வியாபாரிகள் எழுதியதை அப்படியே சின்னச் சின்ன அட்டைகளில் அச்சடித்து மூட்டை சுமக்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டார்கள். கூலி கொடுக்கும் நேரத்தில் அட்டையை நீட்ட வேண்டியதுதான். தான் எழுதியதைத் தானே மறுக்க எந்த வியாபாரியாலும் முடியாது. செலவு என்று பார்த்தால் கொஞ்சம் காகிதமும் மையும்.

சேதி பரவியது. பழைய துணி வாங்கி விற்கும் பெண்கள் வந்தார்கள். 1971 டிசம்பரில் ஒரு பூங்காவில் கூட்டம். நூறு பேருக்கு மேல். நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று சொன்னது மேடையில் இருந்தவர்கள் இல்லை, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். சுயதொழில் பெண்கள் சங்கம், ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் சேவா (SEWA), அப்படிப் பிறந்தது.

பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறை மறுத்தது. உங்களுக்கு முதலாளி யார்? முதலாளியே இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம்? கேள்வி சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது. யாரையும் எதிர்க்க வேண்டும் என்று இல்லை, தொழிலாளர்கள் ஒன்று சேர்வதற்கும் சங்கம் வேண்டும் என்று இவர்கள் வாதாடினார்கள். கடைசியில் 1972 ஏப்ரலில் பதிவு கிடைத்தது.

கையில் தொழில் இருந்தது

சேவா தன் உறுப்பினர்களை மூன்று வகையாகப் பார்த்தது. தெருவில் விற்பவர்கள்: காய்கறி, மீன், பழைய துணி. வீட்டிலிருந்தே பொருள் செய்பவர்கள்: பீடி, ஊதுபத்தி, அப்பளம், தையல். மூன்றாவது, உடலுழைப்பை விற்பவர்கள்: சுமை தூக்குதல், வண்டி இழுத்தல், கட்டட வேலை, வயல் வேலை, வீட்டு வேலை. இந்த மூன்றிலும் புதிதாக ஒருவரைச் சுயதொழில் செய்பவர் ஆக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மாவிடமும் மாமியாரிடமும் கற்றுக்கொண்ட வேலை எல்லோர் கையிலும் இருந்தது.

காய்கறிக்காரப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் 50 ரூபாய் கடன் வாங்குவார். சரக்கு எடுத்து விற்று, சாயங்காலம் 55 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பார். ஒரு நாள் வட்டி பத்து சதவீதம். நம் ஊர்ச் சந்தைகளிலும் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் போலீஸ்காரருக்குத் தினமும் ஏதாவது. இந்தப் பெண்ணுக்கு விற்பனைத் திறன் பற்றி மூன்று நாள் வகுப்பு எடுப்பது வேடிக்கையாக இருக்கும். அவரிடம் விற்பனை பற்றி நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவருக்கு வேண்டியது வட்டி குறைந்த 50 ரூபாய்.

1969-இல் வங்கிகள் தேசியமயமாகியிருந்தன, ஏழைகளுக்குக் கடன் கொடுக்கச் சொல்லி அரசாங்கமும் சொல்லியிருந்தது. சேவா தன் உறுப்பினர்களை அந்த வங்கிகளுக்கு அனுப்பிப் பார்த்தது. கடன் கிடைத்தது, ஆனால் ஒட்டவில்லை. வேலை அழுக்கோடு, இடுப்பில் பிள்ளையோடு, கவுண்டர் மூடும் நேரத்தில் வந்து நிற்கும் பெண்களை எப்படி நடத்துவது என்று வங்கி ஊழியர்களுக்குத் தெரியவில்லை. அப்படியானால் நமக்கு நாமே ஒரு வங்கி வைத்துக்கொள்ளலாம் என்று உறுப்பினர்கள் சொன்னார்கள். கையில் காசில்லாமல் வங்கி எப்படி என்று கேட்டபோது, நாங்கள் ஏழைகள்தான், ஆனால் நிறையப் பேர் இருக்கிறோமே என்று பதில் வந்ததாக எலா பட் பிற்காலத்தில் அடிக்கடி நினைவுகூர்ந்தார். தலைக்கு 10 ரூபாய் பங்கு போட்டு 4,000 பெண்கள் 1974-இல் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். பதிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய 15 பெண்களுக்கும் எழுதத் தெரியாது. முதல் நாள் இரவு முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். மறுநாள் அதிகாரி முன்னால் பிழையில்லாமல் எழுதிவிட்டார்கள். தொழிற்பயிற்சியின் வரலாற்றில் இந்த ஓர் இரவு வகுப்பைப் போல நூற்றுக்கு நூறு பலன் தந்த வகுப்பு வேறு உண்டா என்று தெரியவில்லை. காரணம் எளிது: எதற்காகக் கற்றுக்கொள்கிறோம் என்பது கண்முன்னால் இருந்தது, அடுத்த நாளே பயன்பட்டது. வங்கி நடக்க ஆரம்பித்த பிறகு எழுதத் தெரியாதவர்களுக்காக பாஸ்புக்கில் போட்டோ ஒட்டினார்கள். கையெழுத்துக்குப் பதிலாக முகம்.

வங்கி வந்ததும் மற்ற ஓட்டைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. கடன் ஏன் திரும்பவில்லை என்று விசாரிக்கப் போனால், வாங்கியவர் நோயில் படுத்திருப்பார். சிலர் பிரசவத்தில் இறந்தே போயிருந்தார்கள். அங்கிருந்துதான் பேறுகால உதவி, சுகாதாரப் பணி, 1992-இல் காப்பீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. வீடு பழுதுபார்க்கக் கடன் கேட்டு வந்தவர்களை வங்கி திருப்பி அனுப்பவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது தொழில் கடன் மாதிரித் தெரியாது. ஆனால் வீட்டில் பீடி சுற்றுபவருக்கும் அப்பளம் இடுபவருக்கும் வீடுதானே பட்டறை? கூரை ஒழுகினால் அன்றைய சரக்கு போச்சு. நம் திட்ட அறிக்கைகளில் வீடு ஒரு பக்கம், வாழ்வாதாரம் இன்னொரு பக்கம் என்று இரண்டு துறைகளில் கிடப்பதை நினைத்துக்கொண்டேன். இன்னொரு விஷயமும் உண்டு. கடனில் வாங்கும் கைவண்டியோ வீடோ பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்று வங்கி வற்புறுத்தியது. இதனால் எத்தனை வீடுகளில் சண்டை வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பாதி நாள் வேலைக்குப் போக முடியாதவர்களுக்காகக் காப்பகங்கள் வந்தன. அவற்றை நடத்தியதும் பெண்களின் கூட்டுறவுதான்.

பயிற்சி எங்கே தேவைப்பட்டது

இதையெல்லாம் படித்துவிட்டு சேவாவுக்குப் பயிற்சியில் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஏராளமாகப் பயிற்சி கொடுத்தார்கள். 1984-இல் ஒரு வீடியோ பயிற்சிகூட நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத காய்கறிக்காரப் பெண்கள் அதில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு சங்கத்துக்காகப் படங்கள் எடுத்தார்கள். ஆலை, அலுவலகக் குப்பைகளில் காகிதம் பொறுக்கிய பெண்கள் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் பழகி, சௌந்தர்யா என்ற கூட்டுறவாகி, ஒப்பந்தம் எடுத்தார்கள். ஆனால் பயிற்சி எந்த இடத்தில் நுழைந்தது என்று கவனிக்க வேண்டும். இரண்டு இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது பனாஸ்காண்டா. குஜராத்தின் வடக்குக் கோடியில், கட்ச் உப்புப் பாலைவனத்தை ஒட்டிய வறண்ட மாவட்டம். 1980-களின் கடைசியில் அங்கே ஒரு பெரிய குடிநீர்த் திட்டம் தொடர்பாக சேவா போனது. தண்ணீர் பற்றிப் பேசப் போன இடத்தில் பெண்கள் கேட்டது வேலை. மழை பொய்த்தால் குடும்பம் மொத்தமும் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடும். வருடத்தில் பல மாதங்கள் ஊரே காலியாக இருக்கும்.

அந்த வீடுகளில் எல்லாம் பூவேலை இருந்தது. ஆஹிர், ரபாரி போன்ற சமூகங்களின் பெண்கள் சிறு வயதிலிருந்தே கற்றுக்கொள்வது. கண்ணாடிச் சில்லு வைத்து, நெருக்கமாக நூல் ஓட்டிய பாவாடைகள், தோரணங்கள், கல்யாணச் சீர்த் துணிகள். பஞ்சம் வந்தால் அவற்றைத்தான் வியாபாரிகள் வந்து வாங்கிப் போவார்கள், அடிமாட்டு விலைக்கு. அதே துணி நகரத்துக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று தைத்தவருக்குத் தெரியாது.

பூவேலை கற்றுக்கொடுக்க அங்கே யாரும் தேவைப்படவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தவை வேறு. முதலில், தன் நேரத்துக்கு விலை போடுவது. துணி இவ்வளவு, நூல் இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு, சரி. உட்கார்ந்து தைத்த மணிநேரம்? அதைக் கணக்கில் சேர்க்கும் வழக்கமே இல்லை. பால் கறந்து, சமைத்து, மிச்ச நேரத்தில் செய்வதற்கு என்ன கூலி என்றுதான் எல்லோருமே நினைத்திருந்தார்கள். அடுத்தது அளவு. தன் மகள் சீருக்குத் தைக்கும்போது ஒன்றைப் போல இன்னொன்று இருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் முப்பது தலையணை உறை கேட்டால் முப்பதும் ஒரே அளவில் இருக்க வேண்டும், துவைத்தால் சாயம் போகக் கூடாது, சொன்ன தேதியில் வர வேண்டும். இங்கேதான் வடிவமைப்பாளர்களும் பயிற்றுநர்களும் உள்ளே வந்தார்கள். குழுக்கள் சேர்ந்து 1992-இல் மாவட்ட அளவில் ஒரு பெண்கள் சங்கமாகின. 2003-இல் இந்தக் கைவேலைப் பெண்களையே பங்குதாரர்களாகக் கொண்ட ஒரு வணிக நிறுவனம் அமைந்தது. 'ஹன்சிபா' என்ற பெயரில் விற்கிறார்கள். முதலில் தைத்துக் கொடுத்த மூத்த பெண்மணியின் பெயர் அது.

வருமானம் பெரிதாகிவிட்டது என்று கதை விடப்போவதில்லை. பூவேலை எங்கேயும் துணை வருமானம்தான். கண் கெடும் வேலை, ஆர்டர் வரும் மாதம் வரும், வராத மாதம் வராது. ஆனால் பஞ்ச காலத்தில் ஊரை விட்டுக் கிளம்பாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிலைத்திருப்பதற்கு அதுதானே முதல் நிபந்தனை.

இரண்டாவது இடம் கட்டட வேலை. இதில் கதை வேறு மாதிரி, முடிவும் அவ்வளவு சுபமாக இல்லை.

கட்டடத்தில் பெண் என்றால் சித்தாள். சாந்துச் சட்டி சுமப்பார், செங்கல் எடுத்துக் கொடுப்பார், தண்ணீர் ஊற்றுவார். இருபது வருடம் போனாலும் சித்தாள்தான். கூடவே வேலைக்கு வந்த பையன் இரண்டு மூன்று வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான், கூலியும் பல இடங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். இது தமிழ்நாட்டில் எப்படியோ அப்படியே அகமதாபாத்திலும். 1990-களுக்குப் பிறகு பெரிய கட்டுமானங்களில் இயந்திரங்கள் வரவும் முதலில் போனது தலைச்சுமை வேலை, அதாவது பெண்கள் வேலை. கலவை இயந்திரம் ஒன்று வந்தால் எத்தனை சித்தாட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இங்கே உண்மையிலேயே பயிற்சி தேவைப்பட்டது, ஏனென்றால் கையில் இருந்த வேலையே காணாமல் போய்க்கொண்டிருந்தது. 2003-இல் சேவா கட்டுமானப் பெண்களுக்காக 'கர்மிகா' என்ற பள்ளியைத் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி: செங்கல் கட்டுதல், பூச்சு, டைல்ஸ் ஒட்டுதல், பெயின்ட், தச்சு, மின்வேலை. முடித்தால் கட்டுமானத் துறையில் செல்லுபடியாகும் சான்றிதழ்.

தொழில்நுட்பம் கடினமாக இல்லை. தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பதும், ரசமட்டம் வைத்துத் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதும், மூலை சதுரமாக இருக்கிறதா என்று ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று அளப்பதும் பழகினால் வந்துவிடும். இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்தவர்கள்தானே. பூச்சிலும் பெயின்டிலும் பெண்களுடைய வேலை சுத்தமாக இருந்தது.

சிக்கல் பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு. சான்றிதழோடு போய் நின்றாலும் மேஸ்திரி சட்டியைத்தான் நீட்டினார். பெண் கட்டிய சுவர் நிற்குமா என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். கணவன் கொத்தனாராக இருந்தால் பரவாயில்லை, அவரோடு சேர்ந்து போய்க் கரண்டி பிடிக்கலாம். ஆனால் கூலி யார் கையில் வரும்? சாரத்தில் ஏறக் கூடாது என்று வீட்டிலேயே தடை சொல்வார்கள். வேலைத் தளத்தில் கழிப்பறை இருக்காது. பூச்சு வேலை செய்ய வைத்துவிட்டு உதவியாள் கூலி கொடுப்பதும் நடந்தது. முழுக் கொத்தனாராகவே நிலைத்தவர்கள் குறைவு. சிலருக்குக் கூலி கொஞ்சம் ஏறியது, சிலர் பெயின்ட், டைல்ஸ் போன்ற தனியாக எடுத்துச் செய்யக்கூடிய வேலைகளுக்குப் போனார்கள், பலர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அதனால் பெண்களின் கூட்டுறவு மூலமாக நேரடியாகவே வேலை எடுப்பது என்று சேவா அடுத்த கட்டத்துக்குப் போனது. நடுவில் மேஸ்திரி இல்லை என்றால் சட்டியை நீட்டவும் ஆள் இல்லை.

பதினொரு கேள்விகள்

எந்தப் பயிற்சித் திட்டத்தின் அறிக்கையைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இருப்பது எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்ற எண். குத்துவிளக்கு போட்டோ, சான்றிதழ் போட்டோ, எண். சேவா தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வைத்திருக்கும் கேள்விகள் பதினொன்று. கூடுதல் உறுப்பினர்களுக்கு வேலை கிடைத்ததா? வருமானம் கூடியதா? உணவும் சத்தும் கிடைத்ததா? உடல்நலம் காக்கப்பட்டதா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வசதி வந்ததா? வீடும் தண்ணீரும் கழிப்பறையும் கிடைத்தனவா, மேம்பட்டனவா? அவர்கள் பெயரில் சொத்து சேர்ந்ததா? சங்கத்தின் பலம் கூடியதா? தலைமைக்கு வந்தார்களா? கூட்டாகவும் தனியாகவும் சொந்தக் காலில் நிற்கிறார்களா? எழுத்தறிவு வந்ததா?

எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்ற கேள்வி இதில் எங்குமே இல்லை. தற்செயலாக விட்டுப்போனதாகத் தெரியவில்லை. பயிற்சி என்பது இந்தப் பதினொன்றில் ஏதோ ஒன்றை நகர்த்தினால் அதற்குக் கணக்கில் இடம் உண்டு, நகர்த்தாவிட்டால் இல்லை.

சொத்து பற்றிய கேள்வியை மட்டும் நம் ஊர்த் தையல் திட்டங்களிடம் கேட்டுப் பார்க்கலாம். மெஷின் கொடுத்து மூன்று வருடம் கழித்து அது யார் வீட்டில் இருக்கிறது? ஓடுகிறதா, துணி மடித்து வைக்கும் மேசையாகிவிட்டதா, அடகுக் கடையில் இருக்கிறதா? கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் தாள் இருக்காது.

எடுத்துவர முடிந்ததும் முடியாததும்

சேவா இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட சங்கம். பல மாநிலங்களில் இருக்கிறது. எலா பட்டுக்கு 1977-இல் மகசேசே விருது கிடைத்தது. சுயதொழில் பெண்கள் பற்றிய தேசிய ஆணையத்துக்குத் தலைவராக இருந்து 1988-இல் 'ஷ்ரம்சக்தி' அறிக்கையைக் கொடுத்தார். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த உடன்படிக்கையிலும், 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்திலும் சேவாவின் உழைப்பு இருக்கிறது. 2022 நவம்பரில் எலா பட் காலமானார். இந்தப் பட்டியலைப் பார்த்து, இதே போல ஒன்றை நம் மாவட்டத்திலும் அமைத்துவிடலாம் என்று கிளம்புவது ஆபத்து.

அகமதாபாத்துக்கு என்று சில விஷயங்கள் உண்டு. காந்தி காலத்துச் சங்கம் ஒன்று தாய்வீடாக இருந்தது. அந்தத் தாய்வீடே 1981-இல் கதவைச் சாத்தியது. இடஒதுக்கீட்டுக்கு எதிரான கலவரத்தில் எலா பட் வெளிப்படையாகத் தலித்துகள் பக்கம் நின்றார், மஜூர் மகாஜன் சேவாவை வெளியேற்றியது. அதற்குள் சொந்தமாக வங்கியும் பத்து வருட அனுபவமும் இருந்ததால் தாக்குப்பிடித்தார்கள். தொடங்கிய இரண்டாம் வருடமே அது நடந்திருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டியிருந்திருக்காது. 1980-களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது வீடுகள் ஓடியது பெண்களின் சம்பாத்தியத்தில்தான். அதுவரை மனைவியின் வேலையை வேலை என்றே மதிக்காத வீடுகளில் அது ஏற்படுத்திய மாற்றத்தை எந்தப் பயிற்சியாலும் ஏற்படுத்தியிருக்க முடியாது.

அரசோடு சேர்ந்து வேலை செய்வதிலும் சேவா அடி வாங்கியிருக்கிறது. 2001 பூகம்பத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியோடு நடந்த 'ஜீவிகா' மறுவாழ்வுத் திட்டத்தில் கணக்கு வழக்கு தொடர்பாக மாநில அரசு குற்றம் சாட்டியது, சேவா மறுத்தது, 2005-இல் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வேலை செய்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்த கிராமத்துப் பெண்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடிய முயற்சி ஒன்று உண்டு. 1978-இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு. அங்கேயும் தெருவோர வியாபாரப் பெண்களின் கந்து வட்டிதான் தொடக்கப் புள்ளி, அங்கேயும் வங்கிகளோடு பட்ட அனுபவத்துக்குப் பிறகு சொந்தமாகக் கூட்டுறவுக் கடன் சங்கம் வந்தது. இரண்டு ஊர்களிலும் தனித்தனியாகப் பார்த்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தையலே வீண் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கும் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். விதவைகள், கணவர் கைவிட்டவர்கள் என்று பலர் அதை நம்பி இருக்கிறார்கள். அங்கே தையல் சோறு போடுகிறது, காரணம் ஆர்டர் நிச்சயம். கூலி போதவில்லை என்றால் முறையிட ஒரு சங்கமும் ஒரு துறையும் இருக்கின்றன. அந்த ஆர்டர் இல்லாத தெருவில், ஒரே மாதத்தில் முப்பது பேருக்கு ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொடுத்தால், ஏற்கெனவே தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரின் பிழைப்பும் சேர்ந்து போகும்.

கொத்தனார் பயிற்சிக்கும் இதே வழி இருக்கிறது. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின்போது கழிப்பறை கட்டுவதற்குக் கொத்தனார்கள் போதவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கட்ட வைத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்றே அவர்களுக்குப் பெயர். பயிற்சியும் வேலை உத்தரவும் ஒன்றாக வந்ததால், பெண் கட்டிய சுவர் நிற்குமா என்று கேட்க யாருக்கும் அவகாசம் இல்லை. தமிழ்நாட்டில் 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வீதம் 2024-25-இல் மட்டும் ஒரு லட்சம் வீடுகளுக்கு ஒதுக்கீடு அறிவித்தார்கள். இதில் ஒன்றியத்துக்குப் பத்து வீடுகளின் பூச்சு வேலையையும் தள வேலையையும் மட்டும் பயிற்சி முடித்த சித்தாட்களின் குழுவுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். பயிற்சி தனியாக ஒரு கூடத்தில் நடக்க வேண்டியதில்லை, அந்த வீடுகளிலேயே நடக்கலாம். கூலி மட்டும் கொத்தனார் கூலியாக, நேராக அவரவர் வங்கிக் கணக்கில் போக வேண்டும்.